வெப் சர்வருக்குள் ஓடும் பெர்ல் நிரல்களில் கோளாறு தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டெர்மினலில் ஒழுங்காக ஓடும் பெர்ல் நிரல் அபாச்சி என்ற வெப் சர்வருக்குள் போனதும் 500 என்ற சர்வர் பிழையைக் காட்டி நின்றுவிடுகிறது. இது ஒரு வகைக் கோளாறு. பக்கத்தைப் பத்து முறை திறந்தால் ஏழு முறை சரியாக வருகிறது, மூன்று முறை முந்தைய பயனரின் பெயரோடு வருகிறது. இது வேறு வகை. இரண்டையும் ஒரே வழியில் தேடினால் நாள்தான் வீணாகும். அதனால் எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளுங்கள்: பிழை எப்போதும் வருகிறதா, சில நேரம் மட்டும் வருகிறதா?

எப்போதும் வந்தால் சூழலைச் சந்தேகியுங்கள். நிரல் எந்தப் பயனராக ஓடுகிறது, எந்த டைரக்டரியிலிருந்து ஓடுகிறது, எந்த பெர்ல் அதை ஓட்டுகிறது என்று பாருங்கள். சில நேரம் மட்டும் வந்தால் நினைவகத்தில் தங்கிப்போன எதையோ தேடுங்கள். அபாச்சிக்குள்ளேயே பெர்லை வைத்திருக்கும் மாட்-பெர்லில் ஒரே பிராசஸ் ஆயிரக்கணக்கான கோரிக்கைகளுக்குப் பதில் சொல்கிறது. ஒரு கோரிக்கை விட்டுச்சென்ற மிச்சம் அடுத்ததன் தலையில் விழும். சாதாரண சிஜிஐயில் கோரிக்கைக்கு ஒரு பிராசஸ் பிறந்து இறந்துவிடுவதால் இந்த இரண்டாம் வகைத் தொல்லை அநேகமாக இல்லை.

இங்கே சொல்வது லினக்ஸில் அபாச்சி 2.4, மாட்-பெர்ல் 2 ஆகியவற்றை வைத்து. அபாச்சி 2.4-க்கான ஆதரவு 2015-இல் வெளிவந்த மாட்-பெர்ல் 2.0.9-இலிருந்துதான் இருக்கிறது. அதைவிடப் பழையதை வைத்துக்கொண்டு போராடுவதில் பயனில்லை.

முதல் படி: லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்

டெபியன், உபுண்டு குடும்பத்தில் லாக் கோப்பு /வார்/லாக்/அபாச்சி2 டைரக்டரியிலும், ரெட்ஹேட் குடும்பத்தில் /வார்/லாக்/எச்டிடிபிடி டைரக்டரியிலும் இருக்கும். ஒரு ஜன்னலில் டெயில் மைனஸ் எஃப் கொடுத்து அதை ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் கோரிக்கையை அனுப்புங்கள். பிரவுசர் வேண்டாம், கர்ல் மைனஸ் வி போதும். பிரவுசர் பழைய பக்கத்தைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டி ஏமாற்றும்.

லாக்கில் ஒன்றுமே வரவில்லை என்றால் நீங்கள் தவறான லாக்கைப் பார்க்கிறீர்கள். இது அடிக்கடி நடக்கும், காரணமும் உண்டு. ஒரே சர்வரில் இருக்கும் பல தளங்களில் ஒன்றான விர்ச்சுவல் ஹோஸ்டுக்குத் தனி எரர்லாக் வைத்திருந்தாலும், மாட்-பெர்ல் 2-இல் பெர்லின் வார்ன் செய்தி ஸ்டாண்டர்ட் எரர் வழியாக முதன்மை சர்வரின் லாக்குக்குத்தான் போகும். இரண்டு லாக்குகளையும் சேர்த்தே பாருங்கள். அந்த ஹோஸ்டின் லாக்கிலேயே செய்தி வர வேண்டுமானால், கோரிக்கைப் பொருளின் லாக்_எரர் வழியாக எழுதுங்கள். அல்லது குளோபல் வார்ன் இருக்கும் இடத்தில் அபாச்சி2::சர்வர்ரெக்::வார்ன் என்பதைப் பொருத்துங்கள்.

அபாச்சி 2.4-இன் எரர் லாக்கில் ஒவ்வொரு வரியிலும் பிராசஸ் எண் இருக்கும். அதைக் கண்ணில் வையுங்கள். பிழை எப்போதும் ஒரே எண்ணிலிருந்து மட்டும் வருகிறது என்றால், அந்த ஒரு பிராசஸின் நினைவகம்தான் கெட்டிருக்கிறது. பாதி விசாரணை அங்கேயே முடிந்துவிடும். உங்கள் சொந்தச் செய்திகளிலும் பிராசஸ் எண்ணைத் தரும் $$ மதிப்பைச் சேர்த்து எழுதுவது நல்ல பழக்கம்.

சிஜிஐ::கார்ப் தரும் ஃபேட்டல்ஸ்-டு-பிரவுசர் வசதி பிழையை நேரே பக்கத்தில் காட்டும். உருவாக்கும் இடத்தில் அது சரி. பொதுமக்கள் பயன்படுத்தும் சர்வரில் அதை விட்டுவைத்தால் கோப்புப் பாதைகளும் எஸ்கியூஎல் துண்டுகளும் ஊருக்கே தெரியும். அங்கே அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கோளாறு எந்த அடுக்கில்?

கோரிக்கையை வாங்கி உங்கள் சர்வருக்குக் கடத்தும் ப்ராக்ஸி ஒன்று முன்னால் இருந்தால் அதைத் தாண்டி, பின்னால் இருக்கும் போர்ட்டுக்கே கர்ல் அனுப்புங்கள். 502-உம் 504-உம் ப்ராக்ஸி சொல்பவை. அதற்கு அர்த்தம் பின்னால் இருப்பவர் சரியாகப் பதில் தரவில்லை, அல்லது நேரத்துக்குள் தரவில்லை என்பதுதான். 500 என்பது பெரும்பாலும் உங்கள் நிரலே விழுந்ததன் குரல். 403 வந்தால் பெர்லைத் தொடவே வேண்டாம். லாக்கில் ‘கிளையன்ட் டினைட் பை சர்வர் கான்ஃபிகரேஷன்’ என்றிருந்தால் அபாச்சி அமைப்பில் அனுமதி தரும் ரிக்வயர் வரி விடுபட்டிருக்கிறது; 2.2 காலத்து ஆர்டர், அலவ் வரிகளை அப்படியே கொண்டுவந்தவர்களுக்கு இது வரும். ‘ஆப்ஷன்ஸ் எக்ஸெக்சிஜிஐ இஸ் ஆஃப்’ என்றிருந்தால் அந்த டைரக்டரியில் எக்ஸெக்சிஜிஐயைத் திறந்துவிட வேண்டும்.

பிறகு ஏணி ஏறுவதுபோல் சோதியுங்கள். அதே டைரக்டரியில் வெறும் எச்டிஎம்எல் கோப்பு வருகிறதா? வந்தால், எந்த மாட்யூலும் இல்லாமல் ஹெடரும் ஒரு சொல்லும் மட்டும் அச்சிடும் மூன்று வரி பெர்ல் வருகிறதா? அதுவும் வந்தால், உங்கள் மாட்யூல்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எந்தப் படியில் உடைகிறதோ அங்கேதான் கோளாறு.

எப்போதும் தவறும் நிரல்

சிஜிஐயாக ஓடும்போது அதிகம் வரும் செய்தி ‘எண்ட் ஆஃப் ஸ்கிரிப்ட் அவுட்புட் பிஃபோர் ஹெடர்ஸ்’. பழைய பதிப்புகளில் இதே செய்தி ‘ப்ரிமெச்சூர் எண்ட் ஆஃப் ஸ்கிரிப்ட் ஹெடர்ஸ்’ என்று வரும். நிரல் ஹெடர் அனுப்பும் முன்னரே செத்துவிட்டது என்பதுதான் பொருள். காரணம் இதற்கு மேலே உள்ள வரியில் இருக்கும். அதைப் படிக்காமல் இந்த வரியையே தேடிக்கொண்டிருக்காதீர்கள். ‘மால்ஃபார்ம்ட் ஹெடர்’ என்றால் ஹெடருக்கு முன் வேறு ஏதோ அச்சாகிவிட்டது. சோதனைக்காகப் போட்ட பிரிண்ட் வரியாக இருக்கலாம், ஹெடருக்கும் உடலுக்கும் நடுவே வெற்று வரி விடுபட்டிருக்கலாம்.

‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி, எக்ஸெக் ஃபெய்ல்ட்’ என்று வருகிறது, கோப்போ கண்முன் இருக்கிறது. இங்கே காணாமல் போனது நிரல் இல்லை, முதல் வரியில் சொன்ன பெர்ல். அந்தப் பாதையில் பெர்ல் இல்லாமல் இருக்கலாம். அல்லது கோப்பு விண்டோஸில் சேமிக்கப்பட்டு வரி முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டியிருக்கலாம்; அப்போது கெர்னல் பெர்ல் என்ற பெயரோடு அந்த மறைந்த எழுத்தையும் சேர்த்துத் தேடும். ஃபைல் கட்டளை கொடுத்தால் சிஆர்எல்எஃப் என்று காட்டிக்கொடுத்துவிடும். டாஸ்2யுனிக்ஸ் ஓட்டினால் தீரும்.

அனுமதிகளில் 755 போதும். ‘வேலை செய்யவில்லையே’ என்று 777 வைப்பது எதையும் சரிசெய்யாது. சிஜிஐ நிரலை வேறொரு பயனராக ஓட்டும் எஸ்யுஎக்ஸெக் இயங்கும் சர்வரில் அது புதிதாக ஒரு பிழையையே உண்டாக்கும்: கோப்பையோ அதன் டைரக்டரியையோ குழுவோ மற்றவரோ எழுத முடிந்தால் எஸ்யுஎக்ஸெக் நிரலை ஓட்ட மறுத்துவிடும். அதற்கென்று தனி லாக் உண்டு, காரணத்தை அதில் தெளிவாக எழுதும். மேலும், கோப்புக்கு மட்டும் அனுமதி இருந்தால் போதாது. ரூட்டிலிருந்து அதுவரை உள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் சர்வர் பயனருக்கு நுழையும் அனுமதி வேண்டும்.

இனி உங்கள் டெர்மினலும் சர்வரும் வேறு உலகங்கள் என்பதை நேரிலேயே பாருங்கள். சர்வர் பயனராக மாறி, என்வ் மைனஸ் ஐ கொடுத்துச் சூழல் மாறிகளை எல்லாம் துடைத்துவிட்டு, ரிக்வெஸ்ட்_மெத்தட், க்வெரி_ஸ்ட்ரிங் இரண்டை மட்டும் கொடுத்து நிரலை ஓட்டுங்கள். வேறு ஒரு டைரக்டரியில் நின்றுகொண்டு ஓட்டுவது இன்னும் நல்லது. சர்வரில் தெரிந்த பிழைகளில் பெரும்பகுதி இங்கேயே தெரிந்துவிடும். வெறும் பெர்ல் மைனஸ் சி இலக்கணத்தைத்தான் சரிபார்க்கும். அதிலும் யூஸ் வரிகளும் பிகின் பகுதிகளும் உண்மையிலேயே ஓடும் என்பதை நினைவில் வையுங்கள்.

‘கான்ட் லொகேட்’ என்று தொடங்கும் செய்தியில் பெர்ல் தேடிய டைரக்டரிகளின் பட்டியலும் இருக்கும். அதை டெர்மினலில் பெர்ல் மைனஸ் பெரிய வி காட்டும் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மாட்யூலை லோக்கல்::லிப் வழியாக உங்கள் வீட்டு டைரக்டரியில் நிறுவியிருந்தால், அதைச் சொல்லும் பெர்ல்5லிப் மாறி உங்கள் ஷெல்லில் மட்டும்தான் இருக்கிறது. சர்வருக்கு அது தெரியாது. மாட்-பெர்லில் பெர்ல்ஸ்விட்ச்சஸ் வரியில் மைனஸ் பெரிய ஐ கொடுத்து முழுப் பாதையைச் சொல்லுங்கள், அல்லது சர்வர் எழும்போது ஓடும் தொடக்கக் கோப்பில் யூஸ் லிப் எழுதுங்கள். பழைய நிரல்கள் திடீரென்று உடைந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: 2017-இல் வந்த பெர்ல் 5.26-இலிருந்து தற்போதைய டைரக்டரியைக் குறிக்கும் புள்ளி, மாட்யூல்களைத் தேடும் @இன்க் பட்டியலில் இல்லை. அதற்கு முன்பே, 2015-இன் 5.22-இல் சிஜிஐ மாட்யூலும் மைய விநியோகத்திலிருந்து நீக்கப்பட்டது. அதைத் தனியாக நிறுவ வேண்டும்.

‘லோடபிள் ஆப்ஜெக்ட் அண்ட் பெர்ல் பைனரீஸ் ஆர் மிஸ்மேட்ச்ட்’ என்று வந்தால் இரண்டு பெர்ல்கள் கலந்துவிட்டன. மாட்-பெர்ல் எந்த பெர்லோடு சேர்த்துத் தொகுக்கப்பட்டதோ அதைத்தான் பயன்படுத்தும். நிரலின் முதல் வரியில் எந்தப் பாதையை எழுதினாலும் அது கேட்காது. தனி பெர்ல்களை நிறுவும் பெர்ல்ப்ரூ வைத்து நிறுவிய மாட்யூலை அதனிடம் கொடுத்தால் இந்தச் செய்திதான் வரும். சி மொழிப் பகுதி உள்ள மாட்யூல்களை சர்வரின் பெர்லால் மறுபடி நிறுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் கோப்பைத் திறக்க முடியவில்லை, டேட்டாபேஸோடு இணைக்க முடியவில்லை என்றால் பெர்லுக்கு வெளியே பாருங்கள். லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் பிரைவேட்டெம்ப் இயங்கினால், சர்வர் பார்க்கும் /டெம்ப் டைரக்டரியும் நீங்கள் பார்க்கும் /டெம்ப் டைரக்டரியும் ஒன்றல்ல. ‘கோப்பை எழுதினேன், காணோம்’ என்பதற்கு இதுவே வழக்கமான விடை. ரெட்ஹேட் குடும்பத்தில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு சர்வரின் டேட்டாபேஸ் இணைப்பைத் தடுக்கும். ஆடிட் லாக்கில் டினைட் என்று தேடி, எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி என்ற பூலியனைத் திறந்துவிடுங்கள். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுவது பூட்டு திறக்கவில்லை என்று கதவைப் பெயர்த்தெடுப்பதைப் போன்றது.

மாட்-பெர்லுக்கே உரிய ஒரு பொறி, கோரிக்கையை யார் கையாள்வது என்று சொல்லும் செட்ஹேண்ட்லர் வரியில் இருக்கிறது. பெர்ல்-ஸ்கிரிப்ட் என்று வைத்தால் %என்வ் நிரப்பப்படும், பிரிண்ட் நேரே பிரவுசருக்குப் போகும். மாட்பெர்ல் என்று வைத்தால் வேகம் கூடும். ஆனால் சிஜிஐ மாறிகள் %என்வ் உள்ளே வராது, வெறும் பிரிண்ட் பயனரை அடையாது. பக்கம் வெற்றாக வருகிறது, லாக்கிலும் பிழை இல்லை என்றால் முதலில் இந்த வரியைப் பாருங்கள். ‘குளோபல் ஆர் ஆப்ஜெக்ட் இஸ் நாட் அவைலபிள்’ என்ற செய்திக்குத் தீர்வை அந்தச் செய்தியே சொல்கிறது: பெர்ல்ஆப்ஷன்ஸ் வரியில் குளோபல்ரிக்வெஸ்ட் சேர்க்க வேண்டும்.

‘கான்ட் லொகேட் ஆப்ஜெக்ட் மெத்தட்’ வருவது இரண்டு காரணங்களால். ஒன்று, மாட்-பெர்ல் 2-இல் ஒவ்வொரு மெத்தடும் தன் மாட்யூலை ஏற்றினால்தான் கிடைக்கும். கன்டென்ட்_டைப்புக்கு அபாச்சி2::ரிக்வெஸ்ட்ரெக், பிரிண்டுக்கு அபாச்சி2::ரிக்வெஸ்ட்ஐஓ. எந்த மெத்தட் எந்த மாட்யூலில் என்று மாட்பெர்ல்::மெத்தட்லுக்அப்பைக் கேட்டால் சொல்லும். இரண்டு, பெயரே மாறியிருக்கலாம். இணைப்புப் பொருளில் இருந்த ரிமோட்_ஐபி அபாச்சி 2.4-இல் கிளையன்ட்_ஐபி ஆகிவிட்டது. இடையில் ப்ராக்ஸி இருந்து உண்மையான பயனரின் முகவரி வேண்டுமென்றால் மாட்_ரிமோட்ஐபி மாட்யூலை இயக்கிவிட்டு, கோரிக்கைப் பொருளின் யூசர்ஏஜென்ட்_ஐபியைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று: கான்ஃபிக்டெஸ்ட் ‘சின்டாக்ஸ் ஓகே’ என்கிறது, சர்வரோ எழ மறுக்கிறது. பெர்ல்மாட்யூல் வரிகள் சாதாரணமாக அமைப்புக் கோப்பு முழுதும் படிக்கப்பட்ட பிறகுதான் ஓடுகின்றன. அதனால் மாட்யூலில் உள்ள பிழை அந்தச் சோதனையில் தெரியாது. ஜர்னல்சிடிஎல் அல்லது எரர் லாக்கின் கடைசி வரிகளைப் பாருங்கள்.

சில நேரம் மட்டும் தவறும் நிரல்

இந்த வகைதான் மனிதர்களைத் தூங்கவிடாது. முதல் வேலை, தற்செயலை ஒழிப்பது. சோதனைச் சர்வரில் சேவையை நிறுத்திவிட்டு, அபாச்சிசிடிஎல் மைனஸ் பெரிய எக்ஸ் கொடுத்து ஒரே பிராசஸில் ஓட்டுங்கள். இப்போது எல்லாக் கோரிக்கைகளும் ஒரே பெர்லுக்குள் போகும். ‘சில நேரம்’ என்பது ‘இரண்டாம் முறை எப்போதும்’ என்று மாறும். முதல் கோரிக்கையில் ஒரு பயனர், அடுத்ததில் இன்னொரு பயனர், மூன்றாவதில் அளபுருவே இல்லாமல் என்று வரிசையாக அனுப்புங்கள்.

மாறாக, ஒரே பிராசஸில் ஓட்டியதும் பிழை மறைந்துவிட்டால் அதுவும் நல்ல துப்புதான். தாய்ப் பிராசஸிலிருந்து பிறந்த பல குழந்தைப் பிராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஒன்று, அல்லது பிரைவேட்டெம்ப் போல சிஸ்டம்டி மட்டும் சேர்க்கும் ஏதோ ஒன்றுதான் காரணம்.

எங்கே மிச்சம் தங்குகிறது? முதல் இடம் குளோபல் மாறிகள். ‘பயனர் உள்நுழைந்திருந்தால் பெயரை வை’ என்று மட்டும் எழுதி, இல்லாவிட்டால் காலியாக்க மறந்தால், முந்தையவரின் பெயர் அப்படியே நிற்கும். மாட்யூலின் மேல்மட்டத்தில் ‘மை’ (my) போட்டு அறிவித்த மாறியும் இப்படித்தான். பிராசஸ் சாகும்வரை அது உயிரோடு இருக்கும். யூஸ் ஸ்ட்ரிக்ட் இதைப் பிடித்துத் தராது. கோரிக்கைக்கு உரிய தரவு எதுவும் ஒரு சப்ரூட்டினுக்கு வெளியே வாழக் கூடாது என்று விதி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இரண்டாவது இடம் அதைவிட நுட்பமானது. சிஜிஐ ஸ்கிரிப்டுகளை மாட்-பெர்லில் ஓட்டும் மாட்பெர்ல்::ரெஜிஸ்ட்ரி, உங்கள் ஸ்கிரிப்ட் முழுவதையும் ஹேண்ட்லர் என்ற ஒரு சப்ரூட்டினுக்குள் பொதிந்து தொகுக்கிறது. அதனால் நீங்கள் மேல்மட்டத்தில் எழுதியதாக நினைக்கும் சப்ரூட்டின்கள் உண்மையில் உள் சப்ரூட்டின்கள் ஆகிவிடுகின்றன. பெயருள்ள உள் சப்ரூட்டின், வெளியே உள்ள மை மாறியை முதல் ஓட்டத்தில் மட்டும் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் ஓட்டத்தில் வெளியே புது மாறி, உள்ளே அதே பழைய மாறி. முதல் கோரிக்கை சரியாகவும் அதற்குப் பின் எல்லாமே முதல் கோரிக்கையின் மதிப்போடும் வருகிறதென்றால் இதுதான். வார்னிங்ஸ் இயக்கியிருந்தால் ‘வில் நாட் ஸ்டே ஷேர்ட்’ என்று லாக்கில் எச்சரிக்கை வந்திருக்கும். அந்த வரியை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். மாறியை அளபுருவாகக் கொடுத்துவிடுங்கள். அல்லது சப்ரூட்டின்களைத் தனி மாட்யூலுக்கு நகர்த்துங்கள். மாறியை ‘மை’க்குப் பதில் ‘அவர்’ (our) போட்டு அறிவித்தால் எச்சரிக்கை போகும், ஆனால் மதிப்பு தங்கும் சிக்கல் போகாது. ஒவ்வொரு கோரிக்கையின் தொடக்கத்திலும் அதற்கு மதிப்பு வைத்தாக வேண்டும். இதே பொதிதலால்தான் ரெஜிஸ்ட்ரி ஸ்கிரிப்டில் டேட்டா பகுதி வேலை செய்வதில்லை.

மூன்றாவது, வேறொரு கோப்பை ஏற்றும் பெர்லின் ரிக்வயர் கட்டளையால் வரும் மோதல். இரண்டு ஸ்கிரிப்டுகள் பேக்கேஜ் வரி இல்லாத ஒரே கான்ஃபிக்.பிஎல் கோப்பை ரிக்வயர் செய்கின்றன. முதலாவது வந்ததும் அதன் சப்ரூட்டின்கள் முதல் ஸ்கிரிப்டின் பெயர்வெளியில் போய்ச் சேர்கின்றன. ஏற்றிய கோப்புகளைக் குறித்துவைக்கும் %இன்க்-இல் ஏற்கெனவே பதிவாகிவிட்டதால் இரண்டாவதற்கு அது மறுபடி ஏற்றப்படுவதில்லை. ‘அன்டிஃபைன்ட் சப்ரூட்டின்’ என்று விழுகிறது. எந்த ஸ்கிரிப்ட் அந்தப் பிராசஸில் முதலில் வந்தது என்பதைப் பொறுத்து விழுவது மாறிமாறி நடக்கும். கோப்புக்குத் தனித்துவமான பேக்கேஜ் பெயர் கொடுத்து மாட்யூலாக்கினால் தீரும். இரண்டு விர்ச்சுவல் ஹோஸ்டுகள் ஒரே பெயரில் வெவ்வேறு மாட்யூல் வைத்திருந்தால், பெர்ல்ஆப்ஷன்ஸ் வரியில் பேரன்ட் கொடுத்து ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் தனி இன்டர்ப்ரெட்டர் தரலாம். நினைவகம் கூடுதலாகச் செலவாகும்.

பெர்லின் சிறப்பு மாறிகளையும் விட்டுவிடாதீர்கள். கோப்பை முழுதாகப் படிக்க யாரோ ஒருவர் லோக்கல் போடாமல் $/ மாறியைக் காலியாக்கினால், அந்தப் பிராசஸில் அதற்குப் பின் வரும் எல்லா நிரல்களும் வரி வரியாகப் படிக்க மறந்துவிடும். குற்றவாளி ஒரு நிரல், விழுவது வேறொரு நிரல். யுமாஸ்க், லோக்கேல், தற்போதைய டைரக்டரி எல்லாம் இப்படியே தங்கும். டைரக்டரி பற்றி இன்னொன்று: மாட்பெர்ல்::ரெஜிஸ்ட்ரி ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்துக்கு மாறாது, மாட்பெர்ல்::ரெஜிஸ்ட்ரிப்ரீஃபோர்க் மாறும். எப்படியானாலும் முழுப் பாதை எழுதுவதே நல்லது.

காரணம் பிடிபடும்வரை வண்டி ஓட வேண்டும் என்றால் மாட்பெர்ல்::பெர்ல்ரன்னுக்கு மாறலாம். அது ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்டை மறுபடி தொகுத்து, முடிந்ததும் அதன் பெயர்வெளியைத் துடைக்கும். மாட்யூல்களில் தங்கியதைத் துடைக்காது. அதனால் பெர்ல்ரன்னில் பிழை போனால் கோளாறு ஸ்கிரிப்டில், போகாவிட்டால் மாட்யூலில்.

டேட்டாபேஸ் இணைப்புகள்

தொடக்கக் கோப்பிலேயே டேட்டாபேஸ் இணைப்பைத் திறந்துவிட்டால், ஃபோர்க் ஆன குழந்தைகள் அனைத்தும் ஒரே சாக்கெட்டில் பேசும். ஒருவர் கேட்டதற்கான பதில் இன்னொருவருக்குப் போகும், இணைப்பு திடீரென்று அறும், ‘கமாண்ட்ஸ் அவுட் ஆஃப் சிங்க்’ போன்ற புரியாத செய்திகள் வரும். இணைப்பை ஒவ்வொரு குழந்தையும் பிறந்த பின் திறக்க வேண்டும். பெர்ல்சைல்ட்இனிட்ஹேண்ட்லர் அதற்காகவே இருக்கிறது. தாயில் திறந்தே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால், தாயிலேயே மூடிவிடுங்கள். கூடவே ஆட்டோஇன்ஆக்டிவ்டெஸ்ட்ராய் பண்பை இயக்குங்கள்.

இணைப்புகளைச் சேமித்துவைக்கும் அபாச்சி::டிபிஐ பயன்படுத்தினால், அது பெர்லின் டேட்டாபேஸ் மாட்யூலான டிபிஐக்கு முன் ஏற்றப்பட வேண்டும். ஒரே டேட்டாபேஸானாலும் பயனர் பெயரோ பண்புகளோ சிறிது வேறுபட்டால் அது தனி இணைப்பாகவே சேமிக்கப்படும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 150 குழந்தைகள், ஒவ்வொன்றுக்கும் 2 வகை இணைப்பு என்றால் 300. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான வரம்பு 151, போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லில் 100. கூட்டம் வரும் நேரத்தில் மட்டும் பிழை வருவதற்கு இதைவிடப் பொதுவான காரணம் கிடையாது.

இரவு முழுதும் யாரும் வராத தளத்தில் காலையில் முதல் சில கோரிக்கைகள் ‘சர்வர் ஹேஸ் கான் அவே’ என்று விழுந்தால், மைஎஸ்கியூஎல்லின் வெயிட்_டைம்அவுட் இணைப்பை மூடியிருக்கிறது. இயல்பான மதிப்பு 28,800 வினாடி, அதாவது 8 மணி நேரம். அபாச்சி::டிபிஐ பிங் செய்து பார்த்து மறுபடி இணைக்கும். இணைப்பைச் சொந்தமாக ஒரு குளோபல் மாறியில் வைத்திருப்பவர்கள் அந்த வேலையைத் தாங்களே செய்தாக வேண்டும். அவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: பரிவர்த்தனையின் நடுவே ‘டை’ (die) வந்து நிரல் விழுந்தால் ரோல்பேக் ஆகாமல் பூட்டுகளோடு இணைப்பு அப்படியே நிற்கும், அடுத்து வரும் அப்பாவிக் கோரிக்கை அதன் உள்ளே போய் விழும்.

திருத்தினேன், மாறவில்லை

ரெஜிஸ்ட்ரி ஸ்கிரிப்டைத் திருத்தினால் தானாக மறுபடி தொகுக்கும். அது பயன்படுத்தும் மாட்யூலைத் திருத்தினால் கவனிக்காது. உருவாக்கும் இடத்தில் அபாச்சி2::ரீலோடை பெர்ல்இனிட்ஹேண்ட்லராக வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே இறக்குமதி செய்த பெயர்கள், மாறிலிகள், தாய் வகுப்புகள் விஷயத்தில் அது பாதி பழையதும் பாதி புதியதுமாக விட்டுவிடக்கூடும். விசித்திரமான பிழை வந்தால் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் சர்வரை முழுதாக நிறுத்தி ஏற்றுங்கள். பொதுச் சர்வரில் ரீலோட் வேண்டாம்.

நினைவகம் வீங்குவது

பெர்ல் ஒருமுறை வாங்கிய நினைவகத்தை இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுப்பது அரிது. 50 எம்பி கோப்பை ஒரு மை மாறியில் முழுதாகப் படித்தால், அந்தச் சப்ரூட்டின் முடிந்த பிறகும் மறுபயன்பாட்டுக்காக அந்த இடத்தை பெர்ல் வைத்துக்கொள்ளும். கோப்பைத் துண்டு துண்டாகப் படியுங்கள். முடியாவிட்டால் வேலை முடிந்ததும் மாறியை அன்டெஃப் செய்யுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் சீராக ஏறிக்கொண்டே போனால் அது வேறு நோய்: ஒன்றையொன்று சுட்டும் தரவு வளையம், அல்லது எல்லையே இல்லாமல் வளரும் ஒரு சேமிப்பு ஹாஷ். வளையத்தை ஸ்கேலார்::யூட்டிலின் வீக்கன் உடைக்கும்.

அளக்கும்போது பிஎஸ் காட்டும் ஆர்எஸ்எஸ் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்; தாயோடு பகிரும் பக்கங்களும் அதில் சேர்ந்திருக்கும். /ப்ராக் உள்ளே எஸ்மேப்ஸ் கோப்பில் பிரைவேட் என்று வரும் எண்களைக் கூட்டுங்கள். 4 ஜிபி உள்ள கணினியில் மற்றவற்றுக்கு 1 ஜிபி விட்டு, ஒரு பிராசஸ் பகிராமல் 60 எம்பி பிடிக்கிறது என்றால் சுமார் 50 பிராசஸ்தான் தாங்கும். த்ரெட்டுகள் இல்லாமல் பிராசஸ்களை மட்டும் வைத்து ஓடும் ப்ரீஃபோர்க் முறையில், ஒரே நேரத்தில் ஓடும் பிராசஸ்களின் வரம்பான மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸின் இயல்பான மதிப்பு 256. அதை அப்படியே விட்டால் கூட்டத்தில் கணினி ஸ்வாப்பில் மூழ்கும். பெரிய மாட்யூல்களைத் தொடக்கக் கோப்பிலேயே ஏற்றினால் அந்த நினைவகத்தை எல்லாக் குழந்தைகளும் பகிர்ந்துகொள்ளும். அபாச்சி2::சைஸ்லிமிட்டில் பகிராத அளவுக்கு வரம்பு வையுங்கள். அளவை கிலோபைட்டில் கொடுக்க வேண்டும். மேக்ஸ்கனெக்ஷன்ஸ்பெர்சைல்ட் வைத்துக் குழந்தைகளை அவ்வப்போது மாற்றுவது நோயை மறைக்கும், ஆனால் தளத்தை விழாமல் ஓடவைக்கும்.

தொங்கிப்போவது, விழுவது

பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் மாட்-ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து, நீண்ட நேரமாக டபிள்யூ நிலையில் இருக்கும் பிராசஸின் எண்ணை எடுங்கள். சிஸ்டம் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் மைனஸ் பி கொடுத்து அதைப் பாருங்கள். ஒரு சாக்கெட்டைப் படிக்கக் காத்திருந்தால் டேட்டாபேஸோ வெளிச் சேவையோ பதில் தரவில்லை. எஃப்லாக்கில் நின்றால் கோப்புப் பூட்டு. எந்தச் சிஸ்டம் அழைப்பும் இல்லாமல் சிபியு 100 சதவீதத்தில் இருந்தால் முடிவில்லாச் சுற்று. எந்த வரியில் என்று அறிய, தொடக்கத்திலேயே யுஎஸ்ஆர்2 சிக்னலுக்கு கார்ப்::க்ளக்கைப் பொருத்தி வையுங்கள். கில் கொடுத்து அந்தச் சிக்னலை அனுப்பினால் அழைப்புச் சங்கிலி முழுதும் லாக்கில் இறங்கும்.

ஆனால் பெர்ல் 5.8-இலிருந்து சிக்னல்கள் ஒரு பெர்ல் செயலுக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் கவனிக்கப்படுகின்றன. டேட்டாபேஸ் டிரைவரின் சி நிரலுக்குள் மாட்டியிருந்தால் சிக்னல் போய்ச் சேராது. அலாரம் வைத்தும் வேலைக்கு ஆகாததற்குக் காரணம் இதுவே. டிரைவரின் சொந்தக் காலவரம்பையோ பாசிக்ஸ் சிக்ஆக்ஷனையோ பயன்படுத்துங்கள்.

‘எக்ஸிட் சிக்னல் செக்மென்டேஷன் ஃபால்ட் 11’ என்றால் பிழை பெர்ல் நிரலில் இல்லை, கீழே உள்ள சி நிரலில். அபாச்சிசிடிஎல் மைனஸ் பெரிய வி கொடுத்து அபாச்சி பிராசஸ்களையும் த்ரெட்டுகளையும் கையாளும் பகுதியான எம்பிஎம் எது என்று பாருங்கள். வொர்க்கர் அல்லது ஈவென்ட் என்றால், த்ரெட்டுகளைத் தாங்காத மாட்யூல் ஒன்று உள்ளே இருக்கலாம். ப்ரீஃபோர்க்குக்கு மாறியதும் பிழை நின்றால் அதுவே விடை. நிற்காவிட்டால் /ப்ராக் உள்ளே அந்தப் பிராசஸின் மேப்ஸ் கோப்பைப் பாருங்கள். ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள், உதாரணமாக பெர்ல் மாட்யூல் ஒன்றையும் வேறொரு அபாச்சி மாட்யூல் மற்றொன்றையும் இழுத்து வந்திருந்தால், மோதல் அங்கேதான். அதுவும் இல்லையென்றால் கோர்டம்ப்டைரக்டரியைச் சர்வர் பயனர் எழுதக்கூடிய இடத்தில் வைத்து, யூலிமிட் மைனஸ் சியை அன்லிமிடெட் ஆக்கி, விழும்போது நினைவகத்தைப் பதிந்து கிடைக்கும் கோர் கோப்பை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்து, அழைப்புச் சங்கிலியான பேக்ட்ரேஸ் எடுங்கள். மேலிருந்து சில வரிகளுக்குள் அந்த மாட்யூலின் பெயர் வந்துவிடும். ஜிடிபி பழக்கமில்லாதவர்கள் தொடக்கக் கோப்பில் பாதி மாட்யூல்களை மூடிவைத்துச் சோதித்து, எஞ்சிய பாதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டே போகலாம். 64 மாட்யூல்கள் இருந்தாலும் 6 முறையில் ஒன்றில் வந்து நிற்கும்.